மதிப்பூதியம் தரும் இலக்கிய நிகழ்வுகளுக்கு எழுத்தாளர் தகுதி பெறுவது எப்படி?

புத்தகம் வந்துவிட்டது, சில கூட்டங்களில் பேசியும் ஆயிற்று. இனி பணம் தரும் வாசிப்பு நிகழ்வுகளுக்கும் பயிலரங்குகளுக்கும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். "நான் அந்த அளவுக்குப் பெரிய எழுத்தாளரா?" என்பதுதான் அந்தத் தயக்கம். விண்ணப்பப் படிவம் அதைக் கேட்பதே இல்லை.

நான் சிறுகதை எழுதுகிறவள். பள்ளிகளிலும் நூலகங்களிலும் எழுத்துப் பயிலரங்கு நடத்துகிறேன். எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக விண்ணப்பங்களைப் படித்தும் இருக்கிறேன். குழுவில் இருப்பவர்களின் கவலை வேறு. இவருக்குப் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் கொடுத்தால், ஏன் கொடுத்தீர்கள் என்று நாளைக்கு ஒருவர் கேட்கும்போது எடுத்துக்காட்ட நம் கையில் என்ன இருக்கிறது? தகுதி விதிகளில் பெரும்பாலானவை இந்தக் கவலையிலிருந்து வந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு படிவத்தைப் படித்தால், அர்த்தமில்லாததுபோலத் தெரிகிற கேள்விகளும் புரிய ஆரம்பிக்கும்.

விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள்தானா?

படிவத்தில் பெயரை எழுதும் முன் இதைப் பாருங்கள். எழுத்தாளருக்கு ஊதியம் தரும் பல திட்டங்களில் எழுத்தாளர் நேரடியாகப் பணம் கேட்க முடியாது. 1970-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் அமைப்பு வாசிப்புகளுக்கும் பயிலரங்குகளுக்கும் நிதி தருகிறது. அதற்கு விண்ணப்பிப்பது நிகழ்வை நடத்தும் அமைப்பு. ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் புக் டிரஸ்ட் நடத்தும் லைவ் லிட்ரேச்சர் திட்டத்தில் இரண்டு படிகள். எழுத்தாளர் முதலில் அவர்களுடைய எழுத்தாளர் பட்டியலில் இடம்பெற வேண்டும். பிறகு அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவரை அழைக்க விரும்பும் நூலகமோ பள்ளியோ குழுவோ நிதிக்கு விண்ணப்பிக்கும். அயர்லாந்தில் பொயட்ரி அயர்லாந்து நடத்தும் பள்ளித் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான்: எழுத்தாளர் பட்டியலில் இருப்பார், பள்ளி அவரைக் கேட்டு விண்ணப்பிக்கும்.

ஆக, உங்கள் வேலை இரண்டாகப் பிரிகிறது. பட்டியலில் சேர்வது ஒன்று. உங்களை அழைக்க ஓர் அமைப்பு முன்வரும்படி செய்வது இன்னொன்று. பட்டியலில் பெயர் வந்ததும் அழைப்புகள் தானாக வரும் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பட்டியல் அழைப்பைக் கொண்டுவராது. அழைக்க நினைப்பவருக்குப் பணம் கிடைக்கிற வழியைத்தான் அது திறந்துவிடுகிறது. நூலகருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். "இந்தத் திட்டத்தில் என் பெயர் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பித்தால் என் ஊதியத்தில் ஒரு பகுதியை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். கடைசித் தேதி இது" என்று மூன்று வரியில் நீங்களே எழுதி அனுப்புங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் இது உதவிதான்.

'வெளியான எழுத்து' என்று எதைக் கணக்கில் எடுக்கிறார்கள்?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. பொதுவாக எதிர்பார்க்கப்படுவது உங்கள் பெயரில் வெளிவந்த ஒரு நூல், அல்லது அதற்கு ஈடாக இதழ்களில் வந்த படைப்புகள். நூல் என்றால் கவிதை, புனைகதை, நாடகம், படைப்பிலக்கியக் கட்டுரை, சிறார் இலக்கியம் ஆகியவை பெரும்பாலும் ஏற்கப்படும். பாடநூல், தேர்வு வழிகாட்டி, சமையல் குறிப்பு, துறைசார் ஆய்வேடு ஆகியவை பெரும்பாலும் ஏற்கப்படா. நூலின் தரத்தைக் குறைத்து மதிப்பிடுவதால் வந்த விதி அல்ல இது. அந்த நிதி இலக்கியத்துக்கென்று ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான். மேடையில் நிகழ்த்தும் கவிஞர்களையும் கதைசொல்லிகளையும் நூல் இல்லாமலே ஏற்கும் திட்டங்களும் உண்டு. அங்கே நூலின் இடத்தில் நிகழ்த்திய வரலாற்றைக் கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை: விதியில் உங்கள் பெயரே இல்லையென்றால் விலகிவிடாதீர்கள், எழுதிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரையும் ஆசிரியராகவே கருதும் திட்டங்கள் இருக்கின்றன, அது படிவத்தில் எழுதப்படாமல் இருப்பதும் உண்டு.

சொந்தப் பதிப்பு பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஐஎஸ்பிஎன் எண் இருந்தாலே போதும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஐஎஸ்பிஎன் ஒரு நூலை அடையாளம் காட்டும் எண் மட்டும்தான். யாரோ தேர்ந்தெடுத்து வெளியிட்டார்கள் என்பதற்கு அது சான்றாகாது. குழு பார்க்க விரும்புவது, உங்களைத் தவிர வேறு யாரேனும் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்பதைத்தான். சொந்தமாகப் பதிப்பித்தவர்கள் அதை வேறு வழியில் காட்டலாம்: நூலில் உள்ள கதைகள் முன்பு இதழ்களில் வந்திருந்தால் அந்த விவரம், நூலகங்கள் வாங்கியிருந்தால் அட்டவணைப் பதிவு, மதிப்புரை, பரிசுப் பட்டியல். பதிப்பாளருக்கு நீங்கள் பணம் கொடுத்து வெளியிட்ட நூலைப் 'பதிப்பக வெளியீடு' என்று எழுத வேண்டாம். குழுவில் இருக்கும் பதிப்புத் துறையினருக்கு அந்த நிறுவனங்களின் பெயர்கள் தெரியும். மறைத்தது தெரிந்தால் மற்ற எல்லா வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல். 2007-க்கு முன் வந்த நூல்களில் ஐஎஸ்பிஎன் பத்து இலக்கத்தில் இருக்கும். அந்த ஆண்டு ஜனவரி முதல்தான் பதின்மூன்று இலக்கம் வந்தது. இணையப் படிவம் பத்து இலக்க எண்ணை ஏற்காவிட்டால், முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் மாறும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதழ்களுக்கு இருப்பது எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என். பல சிற்றிதழ்களுக்கு அது கிடையாது. அதனால் உங்கள் படைப்பு தகுதி இழந்துவிடாது. இதழின் பெயர், மாதம், ஆண்டு, பக்க எண், ஆசிரியர் குழு விவரம் இவற்றோடு அட்டையையும் உங்கள் படைப்பின் முதல் பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். இணைய இதழ்கள் திடீரென்று நின்றுபோகும், சுட்டி செத்துப்போகும். படைப்பு வெளிவந்த அன்றே பிடிஎஃப் எடுத்து வைப்பது நல்லது.

தமிழில் எழுதி வேறு மொழிச் சூழலில் விண்ணப்பிக்கிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். நூல் பட்டியலில் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே ஒரு வரி விளக்கம், இரண்டு மூன்று பக்க மொழிபெயர்ப்பு, அந்த இதழ் அல்லது பதிப்பகம் தமிழ்ச் சூழலில் என்ன இடத்தில் இருக்கிறது என்று இரண்டு வாக்கியம் கொடுங்கள். இதை எழுதாத நல்ல எழுத்தாளர்கள் பின்தங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூர் போன்ற இடங்களில் இந்தச் சுமை குறைவு. மற்ற இடங்களில் நாம்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

'பொது' என்ற நிபந்தனை

பொதுப்பணம் தரும் அமைப்பு, நிகழ்வு யாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், விரும்புகிறவர் வர முடிய வேண்டும். உறுப்பினர்களுக்கு மட்டுமான வாசகர் வட்டக் கூடுகை, ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கான பேச்சு, உங்கள் நூலின் வெளியீட்டு விழா இவை பெரும்பாலும் கணக்கில் வரா. வெளியீட்டு விழா விற்பனைக்கான நிகழ்வாகப் பார்க்கப்படுகிறது. பள்ளி, மருத்துவமனை, சிறை போன்ற இடங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல என்றாலும் அவற்றுக்கெனத் தனிப் பிரிவோ தனித் திட்டமோ இருக்கும்.

நிகழ்வு நடந்து முடிந்த பிறகு விண்ணப்பித்தால் அநேகமாக எங்கும் பணம் கிடைக்காது. அப்புறம், ஏற்பாட்டாளரும் எழுத்தாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற விதி. நீங்கள் ஓர் இலக்கிய அமைப்பின் செயற்குழுவில் இருந்தால், அதே அமைப்பு உங்களுக்கு ஊதியம் கொடுத்து அழைப்பது பல திட்டங்களில் ஏற்கப்படாது. மனைவி, கணவர், உடன்பிறந்தவர் நடத்தும் அமைப்பு என்றால் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பயிலரங்குக்குத் தனித் தகுதி வேண்டும்

நன்றாக எழுதுகிறவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எந்தக் குழுவும் எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்ளவும் கூடாது. பணம் கட்டியோ நேரம் ஒதுக்கியோ வந்த பன்னிரண்டு பேர் கையில் எதையாவது எழுதிக்கொண்டு போக வேண்டும். எழுத்தாளரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டுவிட்டுப் போவது பயிலரங்கு ஆகாது. பயிலரங்கு விண்ணப்பங்களை நான் படிக்கும்போது நேராகப் போவது திட்டக் குறிப்புக்குத்தான். "படைப்பாற்றலைத் தூண்டும் ஊடாட்ட அமர்வு" என்று எழுதியிருந்தால் எனக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை.

இரண்டு மணி நேரப் பயிலரங்கு ஒன்றுக்கு நான் கொடுக்கும் குறிப்பு இப்படி இருக்கும். தலைப்பு: கதையில் உரையாடல். யாருக்கு: எழுதிப் பழகத் தொடங்கியவர்கள், பதினாறு வயதுக்கு மேல், அதிகபட்சம் பன்னிரண்டு பேர். முதல் பத்து நிமிடம் ஒரு பக்க உரையாடலை இருவர் உரக்க வாசிப்பார்கள். அடுத்த பதினைந்து நிமிடம் யார் எதை மறைக்கிறார்கள் என்று பேசுவோம். இருபது நிமிடம் பயிற்சி: ஓர் அறையில் இருவர், ஒருவருக்கு ஒரு பொருள் வேண்டும், மற்றவர் தர விரும்பவில்லை, 'கொடு', 'மாட்டேன்' இரண்டும் வராமல் பத்து வரி உரையாடல். இருபத்தைந்து நிமிடம் வாசிப்பு, ஆளுக்கு இரண்டு நிமிடம். பத்து நிமிடம் இடைவேளை. இருபத்தைந்து நிமிடம் அதே உரையாடலைப் பாதியாகச் சுருக்கித் திருத்துதல். கடைசிப் பதினைந்து நிமிடம் மாற்றங்களைப் பேசுதல். தேவையான பொருள்: பிரதிகள், தாள், பேனா, வட்டமாக உட்கார நாற்காலி.

இதைப் படிக்கும் குழு, இந்த ஆள் இதை முன்பே செய்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும். பன்னிரண்டு பேர் என்ற எண் ஏன் என்பதும் கணக்கிலேயே தெரிகிறது. முப்பது பேரைச் சேர்த்தால் எல்லோரும் வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும், திருத்துவதற்கு நேரமே இருக்காது. ஏற்பாட்டாளர் கூட்டத்தைக் கூட்டச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டி மறுக்கலாம்.

முன் அனுபவம் கேட்பார்கள், எவரும் அழைக்காமல் அனுபவம் எப்படி வரும் என்று தோன்றும். ஏற்கெனவே பயிலரங்கு நடத்தும் ஒருவருக்குத் துணையாகப் போங்கள். ஒரு பயிற்சியை மட்டும் நீங்கள் நடத்துங்கள். முடிந்ததும் ஏற்பாட்டாளரிடம் நான்கு வரிக் கடிதம் கேளுங்கள்: என்ன தேதி, எத்தனை பேர், நீங்கள் என்ன செய்தீர்கள், மறுபடி அழைப்பாரா. பெரிய விமர்சகர் உங்கள் நடையைப் புகழ்ந்து கொடுத்த பரிந்துரையைவிட இந்தக் கடிதத்துக்குத்தான் இங்கே எடை அதிகம்.

பிள்ளைகளோடு வேலை செய்வதென்றால் பின்னணிச் சரிபார்ப்பு தேவைப்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிபிஎஸ் என்ற குற்றப் பதிவுச் சரிபார்ப்பு, அயர்லாந்தில் கார்டா காவல்துறைச் சரிபார்ப்பு, ஆஸ்திரேலியாவில் மாநிலங்கள் தனித்தனியாக வழங்கும் சான்று. ஸ்காட்லாந்தில் பிவிஜி என்ற, பிள்ளைகளையும் பாதுகாப்பு தேவைப்படும் பெரியவர்களையும் காக்கும் திட்டத்தில் பதிவு, குறிப்பிட்ட பணிகளைச் செய்பவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். இவை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் நிகழ்வு கைநழுவும். நிகழ்வில் உங்களால் யாருக்காவது காயமோ இழப்போ ஏற்பட்டால் ஈடுசெய்யும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் சில இடங்களில் கேட்கப்படும். எழுத்தாளர் சங்கங்களில் சில அதை உறுப்பினர் சலுகையாகவே தருகின்றன.

வேறு நாட்டிலிருந்து அழைப்பு வந்தால்

இதை மேலோட்டமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை, ஏனென்றால் இதில் தவறினால் போவது பணம் மட்டும் அல்ல. 'வெறும் வாசிப்புதானே, சுற்றுலா விசா போதும்' என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் கிளம்பாதீர்கள். ஊதியம் வாங்கும் அந்த நிமிடமே அது வேலை என்று கருதப்படலாம்.

பிரிட்டனில் அழைக்கப்பட்ட வல்லுநர்களுக்கான ஊதிய அனுமதி 2024 ஜனவரி 31 முதல் சாதாரண வருகையாளர் விசாவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அழைப்பு பயணத்துக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும், நிகழ்வு நாட்டுக்குள் வந்த 30 நாட்களுக்குள் முடிய வேண்டும். அமெரிக்காவில் வணிக வருகையாளராகப் போய்ப் பல்கலைக்கழகத்தில் மதிப்பூதியம் வாங்க ஒரு விதி உண்டு: ஒரு நிறுவனத்தில் அதிகபட்சம் ஒன்பது நாட்கள், ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் கூடாது. இது உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. இலக்கியத் திருவிழாவுக்கு இதை நீட்டிக்கொள்ள முடியாது. கனடாவில் விருந்தினராக உரையாற்றவோ ஐந்து நாட்களுக்கு மிகாத கருத்தரங்கு நடத்தவோ பணி அனுமதி தேவையில்லை; அதைவிட நீண்ட பயிலரங்குக்கு அந்த விலக்கு உதவாது. விதிகள் மாறும். தூதரகத்தின் அதிகாரப்பூர்வ பக்கத்தைப் பாருங்கள், அழைத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

உள்நாட்டுத் திட்டங்களுக்கும் வசிப்பிட நிபந்தனை இருக்கும். குடியுரிமையா, நிரந்தர வதிவிடமா, அந்த மாநிலத்தில் முகவரி இருந்தால் போதுமா என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். விதியில் இந்த ஒரு வரியை முதலில் தேடிப் படியுங்கள். அதில் நீங்கள் வரவில்லையென்றால் மற்ற வேலையெல்லாம் வீண்.

பணப் பேச்சு

மதிப்பூதியம் எவ்வளவு என்று கேட்பது நாகரிகமில்லை என்று நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேடை போட்டவர், ஒலிபெருக்கி கொண்டுவந்தவர், அச்சகத்தார் எல்லோருக்கும் பணம் போகிற நிகழ்வில், அங்கே எதைக் கேட்க வந்தார்களோ அதை எழுதியவருக்கு மட்டும் நன்றி என்பது சரியில்லை. 1884-இல் தொடங்கிய பிரிட்டனின் சொசைட்டி ஆஃப் ஆதர்ஸ் நிகழ்வு ஊதியம் குறித்து எழுத்தாளர்களுக்கு வழிகாட்டுகிறது. 1963-இல் தொடங்கிய ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கமும் பரிந்துரை விகிதங்களை வெளியிடுகிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு சங்கம் இருந்தால் அதன் விகிதத்தைச் சொல்லி ஆரம்பியுங்கள், பேச்சு எளிதாகும்.

கேட்க வேண்டியது தொகை மட்டும் அல்ல. அமர்வு எவ்வளவு நேரம், பயணமும் தங்குமிடமும் தனியா அல்லது தொகைக்குள்ளா, தயாரிப்பு நேரம் கணக்கில் உண்டா, வரி பிடிப்பார்களா, நிகழ்வு ரத்தானால் என்ன, எத்தனை நாளில் பணம் வரும், ஒளிப்பதிவு செய்து இணையத்தில் போடுவார்களா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பயிலரங்கு முழுவதையும் பதிவேற்றிவிட்டால், அதையே இன்னோர் இடத்தில் ஊதியத்துக்கு நடத்துவது உங்களுக்குக் கடினமாகும். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நிகழ்வு முடிந்த மறுநாளே பில் அனுப்பிவிடுங்கள்: பெயர், தேதி, நிகழ்வு, தொகை, வங்கி விவரம், ஏற்பாட்டாளர் கேட்கும் கொள்முதல் ஆணை எண் (பர்ச்சேஸ் ஆர்டர்) இருந்தால் அதுவும்.

இலவசமாகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. நுழைவுச் சீட்டு இல்லாத, யாருக்குமே பணம் போகாத கூட்டத்துக்கு நானும் போகிறேன். சீட்டு விற்கிறார்கள், மற்றவர்களுக்கு ஊதியம் உண்டு, உங்களுக்கு மட்டும் 'வெளிச்சம் கிடைக்கும்' என்றால் மறுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வந்தால்

எந்த நிபந்தனையில் தவறியது என்று ஒரு வரியில் கேட்டு எழுதுங்கள். பதில் சொல்லக் கடமை இல்லாத அமைப்புகளும் பல நேரம் சொல்லிவிடுகின்றன. காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: நிகழ்வுப் பட்டியலில் தேதி இல்லை, சான்று இணைக்கப்படவில்லை, தன்விவரக் குறிப்பு நூறு சொல் கேட்டால் முந்நூறு சொல் போயிருக்கிறது. அந்தக் குறிப்பைப் படர்க்கையில், ஐம்பது சொல்லில் ஒன்றும் நூறு சொல்லில் ஒன்றுமாக எழுதி வையுங்கள். நிகழ்வுகளுக்கு ஒரு தனித் தாள் திறந்து, நடந்த அன்றே தேதி, இடம், அமைப்பு, வந்தவர்கள், ஊதியம் உண்டா என்பதைக் குறித்து, அழைப்பிதழின் படத்தைப் பக்கத்திலேயே சேமியுங்கள். அடுத்த சுற்றுக்கு இந்தத் தாளே விண்ணப்பத்தில் பாதி. ஏற்கெனவே ஏதாவது எழுத்தாளர் பட்டியலில் இருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். மின்னஞ்சல் முகவரி பழையதாக இருந்தால் அழைக்கிறவருக்கு உங்களைப் பிடிக்க வழியே இல்லை.